இடது கால் போட்ட வழி

எங்கள் போர்ட்டோ ஊரில், மிகெல் பொம்பார்தா தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இருக்கும் ஓவியக் கேலரிகளை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று இப்போது ஒரு வழி சொல்கிறார்கள். ‘ஒதீலியாவின் வழி’ என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. ஒரு வார இதழ் அம்புக்குறி போட்ட வரைபடத்தோடு அதை வெளியிட்டு, கறுப்பு வெள்ளையில் தொடங்கி மெல்ல நிறத்துக்குள் போகும் நுட்பமான வரிசை என்று எழுதியது. அப்படி ஒன்றும் இல்லை. அந்த வழியைப் போட்டது ஒதீலியாவின் கணவன் பெல்மீருவின் இடது கால். இன்னும் சரியாகச் சொன்னால், இடது கெண்டைக்கால்.

ஒதீலியா திரைச்சீலை தைப்பவள். பதிவேட்டின்படி மார்ச் மாதம் பிறந்தவள், உண்மையில் ஜனவரி. தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்று பயந்து அப்பா தேதியை மாற்றிச் சொல்லிவிட்டார். அதனால் அவள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு கேக். போர்ட்டோவின் இந்தப் பக்கத்தில் அவள் அளக்காத சன்னல் குறைவு. என் வீட்டுச் சன்னலையும் அளந்திருக்கிறாள். ஏணியில் நின்று, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசியே பழகியதால், இன்றும் உதட்டை அதிகம் அசைக்காமல்தான் பேசுவாள். கோபமா வேடிக்கையா என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது.

பெல்மீரு பஸ் ஓட்டியவன். வேலைக்காலம் முழுக்க உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றினான், வண்டி நின்ற இரு முனைகளிலும் இறங்கி ஒரு சிகரெட் பிடித்தான். இந்த இரண்டும் சேர்ந்து ஓய்வுபெற்ற பிறகு காலில் வந்து உட்கார்ந்தன. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைச் சதையை யாரோ துணி பிழிவதுபோல முறுக்குவார்கள். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி வரும்.

சுகாதார நிலையத்தில் இருந்த இளம் டாக்டர் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கடைச்சன்னல் நோய்” என்றாள். ஒதீலியா கூடவே இருந்தாள். இது அவள் சொன்னது. ஏன் அந்தப் பெயர் என்று அவள்தான் கேட்டிருக்கிறாள்.

“நடுத்தெருவுல சும்மா நிக்க வெக்கமா இருக்கும்ல. அதனால இந்த நோய் வந்தவங்க எல்லாரும் ஏதாவது ஒரு கடைச் சன்னலப் பாக்கற மாதிரி நின்னுக்குவாங்க.”

பெல்மீரு தலையைக் குனிந்துகொண்டானாம். பல மாதங்களாக அவன் செய்துவந்தது அதுதான். அந்தத் தந்திரத்தைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்திருந்தான்.

மருந்து எளிமையானது. சிகரெட்டை விட வேண்டும். தினமும் நடக்க வேண்டும். வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலும், நடக்க நடக்கச் சின்னச் சின்னக் குழாய்கள் சுற்றுவழி கண்டுபிடித்துவிடும் என்றாள் டாக்டர். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. கையை முட்டிக்குக் கீழே வைத்து ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். சுண்டுவிரல் அப்போதே நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது.

நடந்தான். செதோஃபெய்த்தா தெருவில்தான் கடைகள் அதிகம் என்று அங்கே நடந்தான். ஆனால் எந்தச் சன்னலில் நிறுத்துவது என்பதைக் கால் அல்லவா முடிவு செய்கிறது. ஒருநாள் அது அவனைப் பெண்கள் உள்ளாடைக் கடைக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது. பொம்மைக்கு மூக்கு தொடும் தூரத்தில் அவன் நின்றபோது, காபிக்கடையில் அவனோடு சீட்டு ஆடும் இரண்டு பேர் அந்தப் பக்கமாக வந்தார்கள். அவர்களில் ஒருவன், முன்பு அதே மேசையில் ஆடிய அபீலியுவின் தம்பி.

“அளவு தெரியுமா பெல்மீரு, இல்ல வீட்டுக்காரிய வரச் சொல்லவா?”

மறுநாள் காபிக்கடையில் அவன் நுழைந்ததும், எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற வண்டி வருகிறது என்று ஒருவன் குரல் கொடுத்தான். பெல்மீருவும் சேர்ந்து சிரித்தான். கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அபீலியுவுக்குச் சர்க்கரையால் கால் எடுத்தார்கள். அதற்குப் பிறகு காபிக்கடையில் எல்லோரும் அவனிடம் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்கள். எடுத்தது காலைத்தான், காதை அல்ல. அபீலியு கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திக்கொண்டான். அவனிடம் அப்படிச் சத்தமாகப் பேசியவர்களில் தானும் ஒருவன் என்பது பெல்மீருவுக்குத் தெரியும்.

அவனும் போவதை நிறுத்தினான். வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன் என்று ஒதீலியாவிடம் சொன்னான். அவர்கள் வீட்டு நடை எவ்வளவு நீளம் என்று திரை தைப்பவளிடம் சொல்ல வேண்டியதில்லை. அவள் கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. சுண்டுவிரலின் நீலம் பக்கத்து விரலுக்கும் வந்தது.

அந்தச் சமயத்தில் கான்ஸ்டான்சா என்ற பெண்மணி ஒரு வேலைக்குக் கூப்பிட்டாள். பழைய தச்சுப்பட்டறை ஒன்றை வெள்ளையடித்துக் கேலரி ஆக்கியிருந்தவள் அவள். ஒரு அறையில் படம் ஓடப்போகிறது, வெளிச்சம் புகாத கறுப்புத் திரை வேண்டும் என்றாள். திரைக்கம்பி நீளமானது, ஒருத்தியால் தூக்க முடியாது என்று சொல்லி, ஒதீலியா கம்பியின் மறுமுனையைப் பெல்மீருவின் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் ஒருத்தியாகவே தூக்கியிருப்பாள்.

கேலரிக் கதவைத் தாண்டியதும் அவன் காலில் முறுக்கு வந்தது. அப்படியே நின்றான். எதிரில் சுவர் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படம் இருந்தது. கையில் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தபடி, அசையாமல், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தான். கான்ஸ்டான்சா அவனைத் தாண்டி இரண்டு முறை போனாள். இரண்டாவது முறை நுனிக்காலில் போனாள். பிறகு உள்ளே ஓடிய ரேடியோவைக் குறைத்தாள். யாரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. உட்காருகிறீர்களா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஒதீலியா ஏணி மேலிருந்து இதைப் பார்த்தாள். “இந்த ஊருல ஒரு மனுஷன் சும்மா நின்னா மரியாதை கெடைக்கிற எடம் அது ஒண்ணுதான்” என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

வழி அங்கேதான் பிறந்தது. அடுத்த சில வாரங்கள், இந்தக் கேலரிக்கும் திரை வேண்டுமாம், அந்தக் கேலரியில் அளவு எடுக்கச் சொன்னார்கள் என்று ஏதாவது சொல்லி அவனை வெளியே இழுத்தாள். அவன் பக்கத்தில் நடக்காமல் அரை அடி பின்னால் நடந்தாள். இடது குதிகால் தரையில் உரச ஆரம்பிக்கும் இடத்தைக் கவனித்தாள். அந்த இடத்துக்கு நேராக ஒரு கேலரிக் கதவு இருக்க வேண்டும். அதற்கு முன்பே வந்துவிடும் கேலரி பிரயோஜனமில்லை. அதனால்தான் ஒதீலியாவின் வழியில் பெயர்பெற்ற இரண்டு கேலரிகள் இல்லை. அந்த இதழில் எழுதியவர் இதற்கு ஒரு பத்தி முழுக்கக் காரணம் யோசித்திருந்தார். ஓரிடத்தில் வழி முன்னால் போகாமல் திரும்பி ஒரு சந்துக்குள் இறங்குகிறது. இறக்கத்தில் அவன் கால் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான்.

கேலரிகளின் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. பட்டறை, படிக்கட்டு, மாடிக்காரர், ஈரச்சுவர் என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள். திறந்திருக்கும் எல்லா நாள் பிற்பகலிலும் இருவரும் கிளம்பினார்கள். வலி எப்போதும் கதவருகே வந்ததால், பெல்மீரு எங்கேயும் கதவுக்குப் பக்கத்தில் இருந்த படத்தையே பார்த்தான். புதுப் படங்கள் மாட்டும்வரை அதே படத்தை, வாரக்கணக்கில், தினமும். கேலரிக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? மாடிக்காரர் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல படத்தை உள்ளறையிலிருந்து எடுத்துக் கதவருகே மாட்டினார்.

முதலில் அவனைச் சென்யோர் பெல்மீரு என்று கூப்பிட்டார்கள். ஒரு மாதத்தில் டாக்டர் ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய எல்லோரும் டாக்டர்தான், வாங்கியவன்போலத் தெரிந்தாலும் போதும். “டாக்டர் இன்னிக்கு முழுசா அஞ்சு நிமிஷம் நின்னார்” என்று கான்ஸ்டான்சா பக்கத்துக் கேலரிக்குத் தொலைபேசியில் சொன்னதை ஒதீலியாவே கேட்டிருக்கிறாள். அன்று அவனுக்கு வலி அதிகம்.

ஒருநாள் வடக்கே இருக்கும் பிராகா ஊரிலிருந்து ஒரு பெண் ரயில் ஏறி வந்தாள். தன் படத்தைத் தினமும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவரைப் பார்க்க வந்த ஓவியர். அதில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். பெல்மீருவுக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் இந்த விஷயத்தில் எந்தப் பொய் செல்லும் என்று தெரியவில்லை. “மேட்டுல நிறுத்தி வச்ச பஸ் மாதிரி இருக்கும்மா. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கா இல்லையான்னு தெரியல” என்றான். அந்தப் பெண் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாளாம். அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் இரண்டாவது தட்டு சூப் கேட்டு வாங்கினான் என்பது ஒதீலியாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கால் தேறிக்கொண்டு வந்தது. குதிகால் உரசும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. பக்கத்து விரலின் நீலம் போய்விட்டது. சுகாதார நிலையத்து டாக்டர் எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “கண்காட்சி பாக்கறோம்” என்று பெல்மீரு கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னான்.

பிறகு மாடிக்காரர் காலி செய்தார். வாடகை ஏற்றிவிட்டார்கள். அவர் இருந்த கட்டடத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் அறைகளாக மாற்றி, வாசலில் சாவி வைக்கும் சின்ன இரும்புப் பெட்டிகளை வரிசையாகப் பதித்தார்கள். கேள்விப்பட்டபோது ஒதீலியா என் வாசலில்தான் நின்றிருந்தாள். அப்படியே திரும்பி மேட்டைப் பார்த்தாள். ஏனென்றால் மாடிக்காரருக்கும் ஈரச்சுவருக்கும் நடுவில் மேடு இருக்கிறது. படிக்கட்டிலிருந்து நேராக ஈரச்சுவர்வரை ஒரே மூச்சில் அவனால் ஏற முடியாது. நடுவில் இருப்பவை ஒரு கார் கொட்டகை, ஒரு மொட்டைச் சுவர், பிறகு நான் குடியிருக்கும் கட்டடம்.

முயன்று பார்த்தான். சரியாக அந்தச் சாவிப்பெட்டிகளுக்கு நேரே கால் நின்றுவிட்டது. வேறு எதுவும் இல்லாததால் அவன் சாவிப்பெட்டிகளைப் பார்த்தபடி நின்றான். டாக்சியிலிருந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர், இவன்தான் காவலாள் என்று நினைத்து, பெரிய பெட்டியை அவன் முன்னால் உருட்டிவிட்டு மூன்றாவது மாடி என்று விரலால் காட்டினார். பெல்மீரு கையை விரித்தான். அவர் குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்தி, காது கேளாதவனிடம் சொல்வதுபோல இன்னொரு முறை சொன்னார்.

இதை நான் சன்னலில் இருந்து பார்த்தேன். அவன் திரும்பி மேட்டில் இறங்கிப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. டாக்டராக நாலு இடத்தில் நின்றவனுக்கு மறுபடி உள்ளாடைக் கடைக்குப் போக மனம் வரவில்லை.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. சுண்டுவிரல் மறுபடி கறுத்தது. காலுக்குள் மருந்து செலுத்திப் பெரிதாக எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், அறுவை நிபுணரைப் பார்க்க மார்ச்சில் தேதியும் கொடுத்தார்கள். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டிய டாக்டர், முட்டிக்குக் கீழே பெரிய குழாய் எங்கே அற்றுப்போகிறது, அதைச் சுற்றி மயிரிழைபோலப் புதுக் குழாய்கள் எங்கே கிளம்பியிருக்கின்றன என்று பென்சிலால் தொட்டுக் காட்டினாள். அந்தப் புதுக் குழாய்கள் எல்லாம் நீங்கள் நடந்த நடையில் வந்தவை, இப்போது விட்டால் அவையும் போய்விடும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் பெல்மீரு படத்தை உறையோடு அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டான்.

ஒதீலியா என்னிடம் வந்தாள். “உங்க சன்னல் எனக்கு வேணும்” என்றாள். திரையை மாற்றப்போகிறாள் என்று நினைத்தேன். மேட்டின் நடுவில், கொஞ்சம் வலி பொறுத்துச் சாவிப்பெட்டிகளைத் தாண்டினால் அவன் கால் நிற்கக்கூடிய இடத்துக்கு நேராக என் கீழ்த்தளச் சன்னல் இருப்பதை அவள் எப்போதோ கணக்குப் போட்டிருந்தாள். அதில் பார்க்க ஏதாவது வைத்துவிட்டால் அவன் நிற்பான் என்பது அவள் எண்ணம். முதலில் என் சுவரில் இருந்த தோரு ஆற்றுப் படகுப் படத்தைக் கொண்டுவந்து வைத்தோம். அவனை எப்படியோ ஒருமுறை அழைத்தும் வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டான். “அது தியோதோனியு வீட்டுச் சன்னல். அங்க நின்னா கடனா உப்பு கேக்க நிக்கறான்னு நினைப்பாங்க” என்று என் பெயரைச் சொன்னானாம். அன்று மேட்டின் உச்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான், பிறகு ஈரச்சுவருக்குள் போகாமலே வீட்டுக்குத் திரும்பினான்.

அவன் இனி வரவே மாட்டான் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை திறப்பு நாள். தெருவில் இருக்கும் எல்லாக் கேலரிகளும் ஒரே மாலையில் புதுப் படங்களைத் திறப்பார்கள், ஊரே கையில் வெள்ளை ஒயினோடு கதவு கதவாக ஏறி இறங்கும். டாக்டர் வராமல் திறப்பா என்று கான்ஸ்டான்சா வீட்டுக்கே தொலைபேசி செய்திருந்தாள். அவளுக்காக வருகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

அன்று மதியம் ஒதீலியா மேலங்கிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பெரிய உறை. உள்ளே அந்தக் கால் படம். திரைத்துணிக் கடையில் இரவல் வாங்கிய வெண்குழல் விளக்கு ஒன்றும் இருந்தது. படத்தைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, விளக்கைப் பின்னால் வைத்தாள். அவனைக் கேட்டாயா என்றேன். வாயில் குண்டூசி இருந்ததால் பதில் சொல்லவில்லை. குண்டூசி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும் காலம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. திறப்பு நாளில் இந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சம் போட்டு எதையாவது மாட்டியிருந்தால் நிற்பார்கள். கூட்டம் கூடிவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள். கூட்டம் இல்லை, ஏழெட்டுப் பேர். நான் உள்ளே திரைக்குப் பின்னால் இருந்தேன். என் கண்ணாடி மெல்லியது, எல்லாம் கேட்டது. பச்சை மேலங்கி போட்ட ஒரு அம்மாள், தோரு ஆற்றை விமானத்திலிருந்து எடுத்தது என்றாள். ஒரு இளைஞன், பூச்சி அடித்த திராட்சைக் கொடியின் வேர் என்றான். பெயர்ச்சீட்டு எங்கே என்று தேடினார்கள். அது இல்லை என்றதும் மரியாதை இன்னும் கூடியது.

பெல்மீரு மேடேறி வந்தான். குதிகால் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. தாண்டிப் போகத்தான் முகத்தை நேராக வைத்திருந்தான். ஆட்கள் வழியை அடைத்து நின்றதால் தலையைத் திருப்பினான். முதலில் அவனுக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நின்றுவிட்டான்.

“நடுவுல பாருங்க, ஆறு வத்திப்போச்சு” என்றாள் பச்சை மேலங்கி.

“வத்தல. அடைச்சிருக்கு” என்றான் பெல்மீரு.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது என் காலு.”

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் முகத்தில் இரக்கம் வரப்போகிறது, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசப்போகிறார்கள் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

பச்சை மேலங்கி ஒயின் கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். “அப்ப நீங்கதான் ஆர்ட்டிஸ்டா?”

“இல்லம்மா. காலு. என்னோட எடது காலு. முட்டிக்குக் கீழ.”

“புரியுது, புரியுது” என்றான் அந்த இளைஞன். “தன் உடம்பையே எடுத்துக்கிட்டீங்க. இது ஒரு வரிசையா? வலது காலும் இருக்கா?”

“இருக்கு. அது நல்லாருக்கு.”

இளைஞன் அதை யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பெல்மீருவின் காதுகள் சிவந்துவிட்டன. கண்கள் ஒதீலியாவைத் தேடின. அவள் கார் கொட்டகை ஓரமாக நின்றிருந்தாள். அவன் அங்கே போனான். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்.

“இத என்கிட்ட கேட்டியா?”

“கேட்டா விட்டிருப்பியா?”

“என் காலத் தெருவுல தொங்க விட்டிருக்க பொம்பள.”

“நீ நாற்காலியிலயே உக்காந்திருந்தா அத ஆஸ்பத்திரியில விட்டுட்டு வரணும் மனுஷா. தெருவுல இருக்கட்டும், பரவால்ல.”

உதடு அசையாமல் சொன்னதால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவள் படத்தைப் பற்றி ஏதோ கருத்துச் சொல்வதுபோலத்தான் இருந்திருக்கும். பெல்மீரு தெருவின் இரு பக்கமும் பார்த்தான். வீட்டுப் பக்கமாக இறங்கிப் போவதா என்று அவன் யோசித்தது அவன் தோளிலேயே தெரிந்தது. கால் வலி அதற்குள் விட்டிருக்கும், போயிருக்கலாம்.

அப்போதுதான் என்ஜினியர் செராஃபிம் கிட்டே வந்தார். உயரமான, எப்போதும் குடையோடு நடக்கிற மனிதர். இந்தத் தெருவில் அவரை அறியாதவர் இல்லை, ரசனைக்காரர் என்று பெயர். அவசரமே இல்லாமல் நின்று நின்று போவார். பெல்மீருவைச் சன்னல் அருகே அழைத்து வந்து, கண்ணாடியில் விரல் படாமல் காட்டி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அடைப்பு இங்கயா, இதுக்கும் கீழயா?”

“இங்க” என்றான் பெல்மீரு.

“எனக்கு ரெண்டு கால்லயும். நான் புஸ்தகக் கடைதான் பாத்து வச்சிருக்கேன். பத்து நிமிஷம் நின்னாலும் கேக்க மாட்டாங்க.” குரலை இன்னும் தாழ்த்தி, “புஸ்தகம் படிக்கற பழக்கம் எனக்குக் கெடையாது” என்றார்.

பெல்மீரு சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மயிரிழைக் குழாய்களை அவருக்குக் காட்டினான். இதெல்லாம் நடந்ததில் வந்தவை என்று, டாக்டர் பென்சிலால் காட்டியதுபோலவே, ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் விரலால் தொட்டுக் காட்டினான். பச்சை மேலங்கியும் இளைஞனும் விலகாமல் கேட்டார்கள். எத்தனை பேருக்கு அது கால் என்று கடைசிவரை புரிந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரும் அவனிடம் சத்தமாகப் பேசவில்லை.

மார்ச்சில் அறுவை நிபுணரிடம் போனார்கள். அவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார், பிறகு பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார். இதை எழுதும்போது பெல்மீருவுக்கு இரண்டு காலும் இருக்கின்றன. அது பின்னால் நடந்தது. அந்தச் சனிக்கிழமையில் மீதி இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அது ஒதீலியா சொன்னது.

இரண்டு ஆண்களும் மேடேறினார்கள். கொஞ்ச தூரத்தில் என்ஜினியர் நின்றார், பெல்மீருவும் நின்றான். இன்னும் கொஞ்ச தூரத்தில் பெல்மீரு நின்றான், அவரும் நின்றார். சுவர் பக்கமோ சன்னல் பக்கமோ திரும்பாமல், நடுத்தெருவில், பேசிக்கொண்டே நின்றார்கள். கார் ஒன்று வந்து ஒலி எழுப்பியபோது என்ஜினியர் குடையால் ஓரமாகப் போகும்படி அதற்கு வழி காட்டினார். ஈரச்சுவர் வந்தது. இருவரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். உள்ளே போய் நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பின்னால் வந்த ஒதீலியா மட்டும் பழக்கத்தில் உள்ளே நுழைந்துவிட்டாள். நுழைந்த பிறகுதான் பக்கத்தில் குதிகால் இல்லை என்பது உறைத்தது. இத்தனை நாளும் இந்த இடங்களில் அவள் கண் அவன் கால்மீதும் முகத்தின்மீதும்தான் இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரோ ஒயின் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். முதலில் வேறு வழி தெரியாமல் சன்னல்களை அளந்தாள். பிறகு எதிர்ச்சுவருக்குத் திரும்பினாள்.

பெரிய படம். சிவப்பு, அதன்மேல் அழுக்கு வெள்ளையில் கோணல் கோணலாகக் கட்டங்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தாள். துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்த விதம் ஒழுங்காக இருந்தது, மூலை மடிப்பு மட்டும் அவள் மடிக்கும் விதம் இல்லை. தள்ளிப் போய்ப் பார்த்தாள். அப்போதும் பிடிக்கவில்லை. எது பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும்போல இருந்ததாம். இடது ஓரத்துக் கட்டமா, அல்லது அதற்குக் கீழே விட்டிருந்த காலி இடமா என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவில் பெல்மீருவின் தலை தெரிந்தது. அவளைக் காணாமல் மேட்டின் உச்சியிலிருந்து இறங்கி வந்திருந்தான். மூச்சு வாங்கினான்.

“வரலயா? நாங்க மேல போயிட்டோம்.”

“இரு மனுஷா” என்றாள் ஒதீலியா, திரும்பாமல். “பாத்துக்கிட்டிருக்கேன்.”